கிக் அடிச்சா எடுக்கல, தள்ளி விட்டா எடுக்குது: 250 நாலு ஸ்ட்ரோக் டர்ட் பைக், யாராவது வழி சொல்லுங்க

கம்பம்மெட்டு_ரைடர்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் கம்பம். ரோட்டுல ஓட்டுற வண்டி இல்ல, மோட்டோகிராஸுக்குன்னே செஞ்ச 250 சிசி நாலு ஸ்ட்ரோக். 2008 மாடல், கெய்ஹின் எஃப்சிஆர் கார்புரேட்டர், கிக் மட்டும்தான், செல்ஃப் கிடையாது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. தெரிஞ்சவரோட ஏலத்தோட்டம் மேல கம்பம்மெட்டு பக்கம் இருக்கு, அங்க மண் பாதையில ஓட்டுறேன். வண்டியை பிக்கப்ல ஏத்தித்தான் கொண்டு போறது.

பிரச்சனை இதுதான். காலையில குளிர்ந்த வண்டியை எடுக்க கால் ஓஞ்சு போற அளவுக்கு உதைக்கணும். எடுத்துட்டா நல்லா ஓடுது, மேல் ஆர்பிஎம்ல இழுவைக்கு ஒரு குறையும் இல்ல. சூடா இருக்கும்போது கீழ போட்டாலோ ஆஃப் ஆனாலோ கிக்ல எடுக்கவே எடுக்காது. ஆனா சரிவுல ரெண்டாவது கியர் போட்டு தள்ளி விட்டா உடனே எடுத்துக்குது. புது பிளக் போட்டாச்சு. பெட்ரோல் மாத்தியாச்சு. உள்ளூர்ல இந்த மாதிரி வண்டியில கை வைக்க யாரும் தயாரா இல்ல. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

தேவாரம்_தம்பி:
அண்ணே, பிளக் புதுசுன்னாலும் நுனியில இருக்குற இடைவெளியைப் பாத்தீங்களா? 0.7ல இருந்து 0.8 மிமீக்குள்ள இருக்கணும். பிளக் மேல மாட்டுற மூடியை வயர்ல இருந்து திருகிக் கழட்டி, வயர் நுனியை ஒரு கால் இன்ச் வெட்டிட்டு மறுபடி மாட்டுங்க. பழைய வண்டியில அந்த நுனி பச்சை பூத்துப் போய் இருக்கும்.

வண்டன்மேட்டுத்_தமிழன்:
நான் மேல இடுக்கி பக்கம் இருக்கேன். எங்க பக்கம் ஜூன்ல மழை பிடிச்சா விடாது. இங்க வண்டி எடுக்கலன்னா நான் முதல்ல பாக்குறது கில் சுவிட்ச். ஹேண்டில்பார்ல இருக்குற அந்தச் சின்ன பட்டனுக்குள்ள தண்ணி இறங்கினா பாதி நேரம் எர்த் ஆகிட்டே இருக்கும், கரண்ட் பலவீனமா வரும். அதோட கப்ளரைப் பிரிச்சு விட்டுட்டு ஒரு தடவை உதைச்சுப் பாருங்க. காசு செலவில்லாத சோதனை. ஆனா பிரிச்சு விட்டா பட்டன்ல வண்டி ஆஃப் ஆகாது, அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

கோவை_ஹெட்வொர்க்:
வணக்கமுங்க தம்பி. எதையும் கழட்டறதுக்கு முன்னாடி இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க.

சூடா இருக்கறப்ப எடுக்கலைன்னா, அந்த நிமிஷமே பிளக்கைக் கழட்டி, இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டுல ஒட்ட வச்சு உதைச்சுப் பாத்தீங்களா? நீலமா வருதா, மஞ்சளா வருதா? வீட்டுக்குக் கொண்டு வந்து ஆறுன அப்புறம் பாக்கறது கணக்குல வராதுங்க. கரண்ட் உண்டாக்கற ஸ்டேட்டர் காயில் சூட்டுல மட்டும் விட்டுப் போற வண்டி நிறைய பாத்திருக்கேன்.

சோக் போட்டா மட்டும் ஓடி, சோக்கைத் தள்ளுனா ஆஃப் ஆகுதா?

கிக்கரை மெதுவா மிதிக்கறப்ப, காலுக்கு அடியில கெட்டியா தாங்குதா, இல்ல வழுக்கிட்டுப் போகுதா?

ஏர் ஃபில்டர் என்ன நிலைமையில இருக்கு? ஃபோம்ல ஆயில் இருக்கா?

கம்பம்மெட்டு_ரைடர்:
அண்ணே, நேத்து தோட்டத்துலயே எல்லாத்தையும் பாத்துட்டேன். கில் சுவிட்ச் கப்ளரைப் பிரிச்சும் வித்தியாசம் இல்ல. சூட்டுல பிளக்கைக் கழட்டி ஏலச்செடி நிழல்ல வச்சுப் பாத்தேன், நீலமா சடசடன்னு வருது. பிளக் நுனி நனைஞ்சு இருந்துச்சு, பெட்ரோல் வாசம்.

சோக் இல்லாமயும் ஐட்லிங் நிக்குது, ஆனா கொஞ்சம் தடுமாறி நிக்குது.

கிக்கர்தான் எனக்குச் சந்தேகம். காலையில ஓரளவு தாங்குது. சூடானதும் உடம்பு கனத்தை வச்சு மெதுவா அழுத்தினாலே கடைசி வரைக்கும் இறங்கிடுது.

ஃபில்டரைக் கழட்டினேன். ஃபோம் காஞ்சு சருகு மாதிரி இருக்கு, ஆயில் போட்ட அடையாளமே இல்ல. விரலை ஏர் பூட்டுக்குள்ள (ஃபில்டர்ல இருந்து கார்புரேட்டருக்குப் போற ரப்பர் குழாய்) விட்டுத் துடைச்சா செம்மண் மாவா ஒட்டுது. வாங்கினப்ப இருந்த ஃபில்டர் அப்படியே இருக்கு.

கொழிஞ்சாம்பாறை_2டி:
ஹெட்டைத் தொடறதுக்கு முன்னாடி கார்புரேட்டரை முடிங்க நண்பரே. 2023க்கு அப்புறம் படிப்படியா பங்க்ல எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனால் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும். உங்க பக்கமும் எங்க பக்கமும் மழைக்காலத்துல கேக்கவே வேண்டாம். நிறைய தண்ணி சேர்ந்துட்டா எத்தனாலும் தண்ணியுமா பிரிஞ்சு டேங்க் அடியில போய் உக்காந்துக்கும், கார்புரேட்டருக்கு முதல்ல போறதே அதுதான்.

வாரக் கணக்குல நிக்கிற வண்டியில, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடுற பைலட் ஜெட் அடைக்கிறது சர்வ சாதாரணம். 40 நம்பர் பைலட் ஜெட்டுன்னா ஓட்டையே 0.40 மிமீதான். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா ஒரு புள்ளி தெரியும், அந்தப் புள்ளி முழு வட்டமா தெரியணும். எஃப்சிஆர்ல ஒரு வசதி, பெட்ரோல் நிக்கிற பவுல் அடியில 17 மிமீ போல்ட் ஒண்ணு இருக்கு. அதைக் கழட்டினா மெயின் ஜெட், பைலட் ஜெட் ரெண்டும் கைக்கு வந்துடும், முழு கார்புரேட்டரையும் இறக்க வேண்டியதில்ல. ஓட்டையில பிரேக் கேபிள் கம்பியை விடாதீங்க, ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி அதை அகலப்படுத்திடும். வயருக்குள்ள இருக்குற செம்புக் கம்பியில ஒரே ஒரு இழையைப் பிரிச்சு விடுங்க. அப்புறம் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, அப்புறம் காத்து.

இன்னொண்ணு உயரம். கம்பத்துல செட் பண்ண வண்டி மேல போனா ரிச்சா ஓடும், அதாவது காத்து கம்மியாகி பெட்ரோல் கூடிப் போகும்.

கோவை_ஹெட்வொர்க்:
கார்புரேட்டர் கிளீன் பண்ணச் சொன்னது சரிங்க, பண்ணட்டும். உயரத்தைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. 1000 மீட்டர் ஏறுனா காத்தோட அடர்த்தி ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு குறையும். கம்பம் 400 மீட்டர் பக்கம், குமுளி 900 பக்கம். அந்த வித்தியாசத்துல வண்டி கொஞ்சம் மந்தமாகும், பிளக் கொஞ்சம் கருக்கும், அவ்வளவுதான். கிக்கே எடுக்காமப் போகாதுங்க. போடியில இருந்து மூணாறு ஏறுறவங்க 1000 மீட்டருக்கு மேல ஏறுறாங்க, அவங்க ஜெட் மாத்தறதுல அர்த்தம் இருக்கு.

தம்பி சொன்னதுல எனக்கு முக்கியமாப் படறது கிக்கர் வழுக்கறதும், ஃபில்டர்ல இருக்கற செம்மண்ணும்தான். கார்புரேட்டரை முடிச்சுட்டு வாங்க, பேசலாம்.

கம்பம்மெட்டு_ரைடர்:
கார்புரேட்டர் முடிஞ்சுதுண்ணே. பைலட் ஜெட் பாதி அடைச்சுதான் இருந்துச்சு, பவுல் அடியில பச்சையா பிசின் மாதிரி படிஞ்சிருந்தது. சுத்தம் பண்ணி, அடியில இருக்குற ஃபியூயல் ஸ்க்ரூவை முழுசா மூடி ஒன்றரை சுத்து திறந்து வச்சேன். ஐட்லிங் இப்ப அருமையா நிக்குது, தடுமாற்றம் போயிடுச்சு. காலையில எடுக்குறது கொஞ்சம் பரவாயில்ல. சூட்டுல பழைய கதைதான். தள்ளினா எடுக்குது, உதைச்சா எடுக்கல.

கோவை_ஹெட்வொர்க்:
அப்ப இது இன்டேக் வால்வுங்க, காத்தும் பெட்ரோலும் உள்ள போற வால்வு. ஏன்னு விவரமாச் சொல்றேன், ஏன்னா இதே அறிகுறியை வச்சுக்கிட்டு பிளக், பொறி அடிக்க வைக்கற சிடிஐ, காயில்னு வாங்கிப் போட்டுக் காசைக் கரைக்கறவங்க ரொம்பப் பேரு.

இந்த மாதிரி ரேஸ் இன்ஜின்ல இன்டேக் வால்வு பெரும்பாலும் டைட்டானியம். கனம் கம்மி, அதனாலதான் 13000 ஆர்பிஎம் வரைக்கும் தாங்குது. அந்த டைட்டானியத்து மேல மெல்லிசா ஒரு கடினமான பூச்சு இருக்கும். வால்வு சீட்டுல உக்கார்ற இடத்துல தூசி மாட்டுனா அந்தப் பூச்சு தேஞ்சுரும். பூச்சு போச்சுன்னா அடியில இருக்கற உலோகம் வேகமாத் தேயும். வால்வு முகம் குழிஞ்சு, வால்வு ஹெட்டுக்குள்ள மேல ஏறும். மேல ஏற ஏற, வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கற காமுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி குறையும். ரோட்டு வண்டியில டேப்பெட் லூசாகி சத்தம் போடுமுங்க. இதுல டைட்டாகும், சத்தமே வராது. அதனால யாரும் கவனிக்கறதில்ல.

இடைவெளி பூஜ்யம் ஆனதும் வால்வு முழுசா மூடாது. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அழுத்தற காத்து, அந்த வழியாக் கசியும். உதைக்கறப்ப இன்ஜின் சுத்தற வேகம் கம்மி, கசியறதுக்கு நேரம் கிடைக்குது, அதனால எடுக்காது. சரிவுல தள்ளி கியர்ல விட்டா இன்ஜின் வேகமாச் சுத்தும், கசியறதுக்குள்ள பிளக் அடிச்சுரும். ஓட ஆரம்பிச்சுட்டா மேல் ஆர்பிஎம்ல குறையே தெரியாது. சூடானா வால்வுத் தண்டு நீளும், இருக்கற கொஞ்சநஞ்ச இடைவெளியும் போயிரும். உங்க வண்டி சொல்றது அத்தனையும் இதுக்குப் பொருந்துது.

கம்ப்ரஷன் கேஜ் வச்சுப் பாக்காதீங்க. எக்ஸாஸ்ட் காம்ல ஆட்டோ டீகம்ப்ரசர் இருக்கு, உதைக்கற வேகத்துல அது ஒரு வால்வைக் கொஞ்சம் தூக்கி விட்டுரும், நம்பர் பொய்யா வரும். காத்து அடைச்சுக் கேளுங்க. பழைய பிளக் ஒண்ணுல பீங்கானை உடைச்சு எடுத்துட்டு, அந்த இரும்பு உடம்புல டியூப் மவுத்தை வெல்டிங் கடையில பித்தளை ஒட்டு வச்சுத் தரச் சொல்லுங்க. பிஸ்டன் கம்ப்ரஷன்ல மேல நிக்கணும். கியர்ல போட்டு பின் பிரேக்கை ஒருத்தர் அழுத்திப் பிடிக்கட்டும். கிக்கர் பக்கம் யாரும் கால் வைக்க வேண்டாம், காத்து ஏறுனா இன்ஜின் சுத்திரும். பஞ்சர் கடை கம்ப்ரசர்ல 50 பிஎஸ்ஐ போதும். அப்புறம் காது வச்சுக் கேளுங்க. கார்புரேட்டர் வாயில சீறுனா இன்டேக் வால்வு. சைலன்சர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட். இன்ஜின் மூச்சு விடற பிரீத்தர் டியூப்ல வந்தா பிஸ்டன் ரிங்.

குமுளிப்பாதை:
நடுவுல ஒரு விஷயம். இந்த வண்டிக்கு நம்பர் கிடையாதுன்னு நினைக்கிறேன். பிக்கப்ல ஏத்திக் கொண்டு போறீங்க, அதுதான் சரி. டெஸ்ட் பண்றேன்னு மெட்டு ரோட்டுல ஒரு ரவுண்டு எடுத்துடாதீங்க. ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டியை பொது ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 39ஆவது பிரிவே சொல்லுது. கேரளாவுல வண்டியை மாத்தி அமைக்கிற வழக்குல 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததுல இருந்து அங்க வண்டிச் சோதனை கடுமை. சாதா பைக்கை டர்ட் பைக் மாதிரி மாத்தி வச்சிருக்கிற பசங்களும் இதைக் கவனிக்கணும்.

கம்பம்மெட்டு_ரைடர்:
நன்றிண்ணே, ரோட்டுக்கே எடுக்கிறதில்ல.

கோவை அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே பழைய பிளக்குல டியூப் மவுத் ஒட்டி வாங்கி, பஞ்சர் கடையில காத்து அடைச்சோம். ஏர் பாக்ஸைக் கழட்டிட்டு, த்ராட்டிலைத் திறந்து வச்சு காதை வச்சதுமே புஸ்ஸுன்னு சீறுது. கை வச்சா உள்ளங்கையில காத்து படுது. சைலன்சர்ல ஒண்ணுமே இல்ல. ரேடியேட்டர்ல குமிழி இல்ல. பிரீத்தர்ல லேசா, அது இருக்கத்தான் செய்யும்னு நினைக்கிறேன்.

கோவை_ஹெட்வொர்க்:
பிரீத்தர்ல லேசா வர்றது சகஜமுங்க. இன்டேக் உறுதியாயிருச்சு. இனி அளக்கணும்.

வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்கணும். வால்வு கவரைக் கழட்டறதுக்கு முன்னாடி டேங்க் அடியெல்லாம் நல்லா கழுவித் துடைச்சுருங்க, இல்லைன்னா அந்த மண்ணு நேரா உள்ள விழும். ஃப்ளைவீல் குறியை இன்ஜின் கவர்ல இருக்கற சின்ன ஜன்னல்ல சேர்த்து, காம் மூக்கு ரெண்டும் வெளிப்பக்கம் திரும்பி நிக்குதான்னு பாருங்க. உள்பக்கம் திரும்பியிருந்தா இன்னும் ஒரு முழுச் சுத்து சுத்தணும். அந்த நிலையில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு பிளேடு) விடுங்க. லேசா உரசிட்டுப் போகணும், இழுத்துட்டுப் போகக் கூடாது. இந்த வகை வண்டியில இன்டேக் 0.10ல இருந்து 0.15 மிமீ, எக்ஸாஸ்ட் 0.17ல இருந்து 0.22 மிமீன்னு பல மேனுவல்ல இருக்கு. உங்க மாடல் மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதையே எடுத்துக்கோங்க. நாலு வால்வுக்கும் தனித்தனியா பேப்பர்ல எழுதி வையுங்க.

கம்பம்மெட்டு_ரைடர்:
அளந்தாச்சு. என் மாடல் மேனுவலும் நீங்க சொன்ன அளவுதான் சொல்லுது. எக்ஸாஸ்ட் ரெண்டும் 0.20, சரியா இருக்கு. இன்டேக் இடது 0.05. இன்டேக் வலதுல இருக்கிறதுலயே மெல்லிசான 0.03 பிளேடுகூட நுழையல.

தேவாரம்_தம்பி:
அந்த இடைவெளியை எப்படிச் சரி பண்றது? ஸ்க்ரூ நட் கிடையாதா இதுல?

கோவை_ஹெட்வொர்க்:
கிடையாது தம்பி. வால்வு மேல கவுந்திருக்கற பக்கெட்டுக்கு அடியில ஷிம்முன்னு சின்னதா ஒரு வட்டத் தகடு இருக்கும், மாத்திரை சைஸுதான். அதை மாத்தித்தான் சரி பண்ணணும். காமைக் கழட்டியே ஆகணும்.

கழட்டறப்ப சில விஷயம். காம் கேப் போல்ட்டை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துங்க. டைமிங் செயினை ஒரு கம்பியில கட்டி ஃப்ரேம்ல மாட்டிருங்க, உள்ள விழுந்தா வேலை ரெட்டிப்பு. செயின் போற பள்ளத்துல சுத்தமான துணியை அடைச்சு வையுங்க. பக்கெட்டைத் தூக்கறப்ப ஷிம் ஆயில்ல ஒட்டிக்கிட்டு மேலயே வரும், பாதி வழியில விழும். காந்தம் வச்சிருந்தா நல்லது. எந்த ஷிம் எந்த வால்வோடதுன்னு கலந்துராதீங்க. லேத் பட்டறையில மைக்ரோமீட்டர்ல அளந்து வாங்கிக்கோங்க, மேல எழுதியிருக்கற நம்பரை நம்ப வேண்டாம், தேஞ்சிருக்கும்.

கணக்கு சுலபம். இருக்கற ஷிம் அளவோட இப்ப இருக்கற இடைவெளியைக் கூட்டி, வேணுங்கற இடைவெளியைக் கழிச்சா புது ஷிம். வலது வால்வுக்கு இந்தக் கணக்கு செல்லாது, கவனிங்க. பிளேடு நுழையலைன்னா இடைவெளி பூஜ்யமாவும் இருக்கலாம், அதுக்குக் கீழயும் இருக்கலாம். முதல்ல ரொம்ப மெல்லிசா ஒரு ஷிம் போட்டு, காமை மாட்டி, இடைவெளி வர வச்சு அளந்துட்டு அப்புறம் கணக்குப் போடணும்.

மாட்டறப்ப டார்க் ரென்ச் இல்லாம காம் கேப் போல்ட்டைத் தொடாதீங்க. 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் வரும், கைக்குத் தெரியாத இறுக்கம் அது. அலுமினிய ஹெட்டுல மரை போச்சுன்னா ஹெட்டையே தூக்கணும்.

கம்பம்மெட்டு_ரைடர்:
தேனியில ஒரு லேத் பட்டறையில உக்காந்து அளந்து வாங்கிட்டேன். ஷிம் செட் ஆன்லைன்ல வரவழைச்சேன், 0.05 இடைவெளியில வருது.

இடது இன்டேக்ல பழைய ஷிம் 1.75. இடைவெளி 0.05. வேண்டியது நடுவுல 0.13னு வச்சா 1.67 வருது. 1.70 போட்டா 0.10, 1.65 போட்டா 0.15. டைட்டாகிக்கிட்டே போற வால்வுங்கிறதால 1.65 போட்டிருக்கேன்.

வலது இன்டேக்ல பழைய ஷிம் 1.80. நீங்க சொன்ன மாதிரி 1.60 போட்டு மாட்டி அளந்தேன், 0.08தான் வந்துச்சு. அப்படின்னா 1.80 இருந்தப்ப 0.12 மிமீ அளவுக்கு வால்வு திறந்தே நின்னிருக்கு. 1.55 போட்டதும் 0.13.

எல்லாம் மாட்டி, மேனுவல் பாத்து டைமிங் குறியை ரெண்டு தடவை சரி பாத்து, கையால ரெண்டு சுத்து சுத்தி விட்டு, மறுபடி அளந்துட்டு உதைச்சேன். முதல் உதையில எடுத்துடுச்சு. நல்லா சூடாக்கி, ஆஃப் பண்ணி, சூட்டுல எடுக்குறதுக்குன்னே இருக்குற ஹாட் ஸ்டார்ட் லீவரைப் பிடிச்சு த்ராட்டில் தொடாம உதைச்சேன், எடுத்துடுச்சு. கிக்கர் இப்ப காலுக்குக் கீழ கல்லு மாதிரி நிக்குது.

வண்டன்மேட்டுத்_தமிழன்:
ரொம்ப சந்தோஷம். இனி மழையிலயும் கவலை இல்லாம ஓட்டலாம்.

கோவை_ஹெட்வொர்க்:
சந்தோஷப்படற நேரத்துல இதைச் சொல்ல வேண்டியிருக்கு, கோவிச்சுக்காதீங்க. அந்த வலது வால்வை நம்பி ஓட்டாதீங்க தம்பி. 0.05, 0.06 குறைஞ்ச வால்வை ஒரு தடவை ஷிம் மாத்தி ஓட்டலாம், தப்பில்ல. இது அவ்வளவு தூரம் போயிருக்குன்னா பூச்சு போயாச்சு. இனி சீக்கிரமே திரும்ப டைட்டாகும். ஷிம்மை மெல்லிசாக்கிட்டே போனா ஒரு நாள் மேல் ஆர்பிஎம்ல வால்வுத் தலை முறிஞ்சு பிஸ்டன் மேல விழும். ஹெட்டு, பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் ஒரே நொடியில போயிரும்.

இன்டேக் ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. பந்தயத்துக்கு ஓட்டலைன்னா ஸ்டெயின்லெஸ் வால்வு போதும், ரொம்ப நாள் உழைக்கும். ஆனா அது கனம் கூட, அதுக்குன்னு வர்ற கடினமான ஸ்பிரிங்கையும் சேர்த்தே போடணும். பழைய ஸ்பிரிங்கோட போட்டா வால்வு மிதக்கும், மேல் ஆர்பிஎம்ல நேரத்துக்கு மூடாது. சீட்டைக் கட்டாயம் வெட்டணும், குழிஞ்ச சீட்டுல புது வால்வு வச்சா அதுவும் அதே வழியில போகும். டைட்டானியமே போடறதா இருந்தா பேஸ்ட் போட்டுத் தேய்க்க விடாதீங்க, இருக்கற பூச்சையும் தேய்ச்சு எடுத்துருவாங்க. ரோட்டு வண்டி பழக்கத்துல பல பட்டறையில அதைத்தான் முதல்ல செய்வாங்க.

கம்பம்மெட்டு_ரைடர்:
புரியுதுண்ணே. மாத்தியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன். அதுவரைக்கும் வண்டியை மேல கொண்டு போகல. ஸ்டெயின்லெஸ் வால்வும் ஸ்பிரிங்கும் சேர்ந்த கிட் ஆர்டர் பண்றேன், சீட் வெட்ட ஹெட்டை கோயம்புத்தூர் கொண்டு வர்றேன். ஃபில்டரைப் பத்தி மட்டும் சொல்லுங்க, இதெல்லாம் அதுலதான ஆரம்பிச்சுது. ஆடிக் காத்துல எங்க பள்ளத்தாக்குல தூசி எப்படிப் பறக்கும்னு உங்களுக்கே தெரியும்.

கொழிஞ்சாம்பாறை_2டி:
ஃபில்டர் நான் சொல்றேன். பெட்ரோல்ல கழுவாதீங்க, ஃபோம் ஒட்டின பசை விட்டுப் போகும், தையல் பிரிஞ்சு அந்த வழியா மண் போகும். மண்ணெண்ணெய்ல அலசி ஆயிலை எடுத்துட்டு, அப்புறம் சோப்புத் தண்ணி. பிழியும்போது முறுக்காதீங்க, உள்ளங்கையில வச்சு அமுக்குங்க. நிழல்ல முழுசா காயணும். அப்புறம் ஃபோம் ஃபில்டர் ஆயில் ஊத்தி ஒரே நிறமா வர்ற வரைக்கும் பிசைஞ்சு, மிச்சத்தை அமுக்கி எடுத்துடுங்க. சாதா இன்ஜின் ஆயில் போட்டா கொஞ்ச நேரத்துல வடிஞ்சு ஏர் பாக்ஸ் அடியில நிக்கும், ஃபோம் மறுபடி காஞ்சிடும். பிசுபிசுப்பா ஒட்டிக்கிட்டு நிக்கிற ஆயில்தான் தூசியைப் பிடிக்கும்.

ஃபில்டர் விளிம்புல கிரீஸ் ஒரு வரி தடவுங்க. மாட்டின பிறகு விரல் விட்டு சுத்திலும் தடவிப் பாருங்க, எங்கயும் மடங்கி நிக்கக் கூடாது. ஒவ்வொரு ரைடு முடிஞ்சதும் ஏர் பூட் உள்பக்கத்தை வெள்ளைத் துணியில துடைங்க. துணியில மண் நிறம் தெரிஞ்சா அன்னிக்கே ஃபில்டரைக் கழட்டணும். ரெண்டு ஃபில்டர் வச்சுக்கிட்டா ஒண்ணு காயும்போது இன்னொண்ணு வண்டியில இருக்கும்.

தேவாரம்_தம்பி:
குளிர்ந்த வண்டியை உதைக்கிற முறையையும் யாராவது எழுதுங்க. எங்க பசங்க த்ராட்டிலை முறுக்கிக்கிட்டே உதைக்கிறாங்க.

கோவை_ஹெட்வொர்க்:
எஃப்சிஆர்ல ஆக்சிலரேட்டர் பம்ப் இருக்குங்க. த்ராட்டிலை முறுக்கற ஒவ்வொரு தடவையும் பெட்ரோலைப் பீச்சி அடிக்கும். முறுக்கிக்கிட்டே உதைச்சா பிளக் நனைஞ்சு போகும். குளிர்ந்த வண்டிக்கு சோக்கை இழுத்து, த்ராட்டிலை ரெண்டு தடவை முழுசா முறுக்கி விட்டுட்டு, கையை எடுத்துருங்க. கிக்கரை மெதுவா மிதிச்சு கெட்டியான இடத்தைக் கண்டுபிடிங்க. கிக்கரை மேல வர விட்டு, அங்கிருந்து அடி வரைக்கும் ஒரே மிதி. பாதியில நிறுத்துனா கால் முட்டியில திருப்பி அடிக்கும்.

கீழ விழுந்து பெட்ரோல் வழிஞ்சு நிக்கற வண்டியா இருந்தா, ஹாட் ஸ்டார்ட் லீவரைப் பிடிச்சு, த்ராட்டிலை முழுசாத் திறந்து வச்சு அஞ்சாறு தடவை உதைச்சு உள்ள இருக்கறதை வெளியேத்துங்க. அப்புறம் த்ராட்டிலை மூடிட்டு எடுங்க.

கம்பம்மெட்டு தம்பி, ஹெட்டைக் கொண்டு வர்றப்ப பழைய ஷிம், பக்கெட், காம் எல்லாத்தையும் எந்த வால்வோடதுன்னு குறி போட்டு தனித்தனி கவர்ல கொண்டு வாங்க. சீட் வெட்டுனதும் உயரம் மாறும், அங்கேயே அளந்து ஷிம் போட்டுத்தான் ஹெட்டை வெளிய எடுக்கணும். வண்டியில இருக்கற பெட்ரோலை இன்னிக்கே வடிச்சுருங்க, டேங்க், பவுல் ரெண்டுலயும்.

கம்பம்மெட்டு_ரைடர்:
சரிண்ணே. 17 மிமீ போல்ட்டைக் கழட்டி பவுலை வடிச்சாச்சு, டேங்க் பெட்ரோல் ரோட்டு வண்டிக்கு மாத்தியாச்சு. ஏர் பூட்டுல துணி அடைச்சு வச்சிருக்கேன். கிட் வந்ததும் இதே இழையில வால்வு முகத்தோட போட்டோ போடுறேன்.